சிறுநகர வாடகை வீடுகள் (தமிழ்நாடு)

சிறுநகர வாடகை வீடுகள் என்பது தமிழ்நாட்டின் நகராட்சிகளிலும் பேரூராட்சிகளிலும் தனியார் தமது வீட்டையோ வீட்டின் ஒரு பகுதியையோ பிறர் குடியிருப்பதற்காக மாத வாடகைக்கு விடும் வழக்கத்தையும், அவ்வாறு விடப்படும் வீடுகளையும் குறிக்கும். வீட்டை விடுபவர் வீட்டு உரிமையாளர் அல்லது வீட்டுக்காரர் எனவும், குடியிருப்பவர் வாடகைதாரர், குடித்தனக்காரர் அல்லது குடக்கூலிக்காரர் எனவும் அழைக்கப்படுகின்றனர்.

பெருநகரங்களில் இணையத்தளங்களும் முகவர் நிறுவனங்களும் செய்யும் வேலையைச் சிறுநகரங்களில் பெரும்பாலும் வாய்ச்சொல்லே செய்கிறது. நிலத்தின் விற்பனைக்குப் பதிவுத்துறையின் வழிகாட்டி மதிப்பு உள்ளது. எந்தத் தெருவிலும் அதைப் பார்த்துக்கொள்ளலாம். வாடகைக்கு அத்தகைய பொதுப்பட்டியல் எதுவும் இல்லை. ஆகவே ஊருக்குப் புதிதாக வரும் ஒருவர், கேட்கப்படும் வாடகை நியாயமானதா என்பதைத் தாமே கண்டறிய வேண்டியுள்ளது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய நகர்ப்புறக் குடும்பங்களில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்டவை வாடகை வீடுகளில் வாழ்ந்தன. அதே கணக்கெடுப்பில் நகர்ப்புறங்களில் சுமார் 1.1 கோடி வீடுகள் ஆளின்றிப் பூட்டிக் கிடந்ததும் பதிவாகியுள்ளது. வீடு தேடுவோரும் காலி வீடுகளும் ஒரே ஊரில் இருந்தும் ஒன்றையொன்று அடையாததன் காரணங்களுள் சில கீழே விளக்கப்படுகின்றன.

வீட்டு வகைகள்

சிறுநகரத்தில் வாடகைக்கெனத் தனியாகக் கட்டப்பட்ட அடுக்குமாடிகள் குறைவு. உரிமையாளர் கீழ்த்தளத்தில் இருந்துகொண்டு மாடியை விடுவதே பரவலான முறையாகும். இவ்வாறு பிரித்து விடப்படும் பகுதி 'போர்ஷன்' எனப்படுகிறது. சுற்றுச்சுவருடன் ஒரு குடும்பத்துக்கு மட்டும் உரியது 'தனி வீடு'. ஒரே கூரையின்கீழ் வரிசையாக அமைந்து, கழிப்பறையும் தண்ணீர்க் குழாயும் பொதுவாக உள்ள சிறு வீடுகள் கொங்குப் பகுதியில் 'லைன் வீடு' எனப்படுகின்றன. பல குடும்பங்கள் ஒரு வீட்டைப் பங்கிட்டு வாழ்வதற்கு 'ஒண்டுக்குடித்தனம்' என்ற பழைய சொல் உள்ளது. சொல் அருகிவிட்டாலும் வாழ்முறை அருகிவிடவில்லை.

தேவை எங்கிருந்து எழுகிறது

சிறுநகரங்களில் வாடகை வீடு தேடுவோரில் பெரும்பகுதியினர் பணியிட மாற்றத்தால் வருபவர்கள்: ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், காவலர்கள், வருவாய்த்துறை அலுவலர்கள். இவர்களுக்கு அடுத்தபடியாகச் சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து பிள்ளைகளின் படிப்புக்காகக் குடிபெயரும் குடும்பங்கள். சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலைநகரில் 1929-இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகத்தைப் போன்ற கல்வி நிலையங்களும், ஓசூரைப் போன்ற தொழிற்பேட்டைகளும் நிலையான தேவையை உண்டாக்குகின்றன.

சில வேளைகளில் ஒரு அரசாணையே ஊரின் வாடகைச் சந்தையை மாற்றிவிடும். 2019-இல் தென்காசி, கள்ளக்குறிச்சி, திருப்பத்தூர், இராணிப்பேட்டை, செங்கல்பட்டு ஆகியவையும் 2020-இல் மயிலாடுதுறையும் மாவட்டத் தலைநகரங்களாயின. 2022 சனவரியில் விருதுநகர், நாமக்கல், அரியலூர், இராமநாதபுரம் உள்ளிட்ட 11 இடங்களில் புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. ஆட்சியர் அலுவலகம் திறக்க ஒரு நாள் போதும். அதன் ஊழியர்களுக்கான வீடுகளைக் கட்டி முடிக்க ஆண்டுகள் ஆகும். இடைப்பட்ட காலத்தில் அதே வீடுகளுக்குக் கூடுதல் பேர் போட்டியிடுகின்றனர்.

வீடு தேடும் முறை

தெருவில் நடந்து தேடுவதே அடிப்படை முறை. வாயிற்கதவில் தொங்கும் 'டூ லெட்' பலகையோ, 'வீடு வாடகைக்கு' என்று சுண்ணாம்புக்கட்டியால் எழுதிய அட்டையோ வழிகாட்டும். ஆனால் நல்ல வீடுகளில் பல பலகை மாட்டப்படும் முன்னரே போய்விடுகின்றன. எந்த வீடு அடுத்த மாதம் காலியாகிறது என்பதைப் பால்காரர், மளிகைக் கடைக்காரர், இஸ்திரி வண்டிக்காரர் ஆகியோர் முன்கூட்டியே அறிந்திருப்பர். அவர்களிடம் விசாரிப்பது தகவலுக்கு மட்டுமன்று. உரிமையாளரும் வந்தவரைப் பற்றி அதே மளிகைக் கடையில்தான் விசாரிப்பார். இவ்வாறு அறிமுகம் ஒன்றே இரு தரப்புக்கும் பிணையாக அமைகிறது.

தரகர்கள் பொதுவாக ஒரு மாத வாடகையைத் தரகாகப் பெறுகின்றனர். அரை மாதத்துக்கு இசைபவர்களும் உண்டு. வீட்டைக் காட்டுவதற்கு முன்பே பணம் கேட்பது ஏற்புடைய வழக்கமன்று. அண்மைக் காலத்தில் உள்ளூர் வாட்ஸ்அப் குழுக்களும் பயன்படுகின்றன. அவற்றில் வரும் படங்கள் பழையனவாக இருக்கக்கூடும் என்பதால், நேரில் பாராமல் முன்பணம் அனுப்புவது இடருடையது. வேறொருவரின் வீட்டுப் படத்தைப் போட்டு முன்பணம் பெற்று மறைவது இந்தியாவெங்கும் நடக்கும் மோசடி வகைகளுள் ஒன்று.

தேடும் காலமும் கருதத்தக்கது. பள்ளிகள் திறக்கும் சூன் மாதத்துக்கு முந்தைய இரு மாதங்களில் போட்டி மிகுதி. ஆடியிலும் மார்கழியிலும் குடிபுகுவதைப் பலர் தவிர்ப்பதால், ஆனி இறுதிக்குள் ஆள் வராத வீடு ஆவணி வரை காலியாகக் கிடக்க நேரிடும். அந்த நேரத்தில் பேரம் பேச இடமுண்டு. அவசரம் உள்ளவர்கள் ஆனி முடியுமுன் ஒரு நல்ல நாளில் பால் காய்ச்சிவிட்டு, சாமான்களை ஆடியில் கொண்டுவருவதும் வழக்கம்.

வீட்டைப் பார்க்கும்போது கேட்க வேண்டியவற்றுள் முதன்மையானது தண்ணீர். பல ஊர்களில் நகராட்சிக் குடிநீர் நாள்தோறும் வருவதில்லை. ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருந்தால் சமையலுக்கு வெளியிலிருந்து தண்ணீர் வாங்க வேண்டும். அச்செலவு வாடகையோடு சேர்ந்ததே. எத்தனை நாளுக்கு ஒருமுறை குழாயில் நீர் வருகிறது, தரைத்தொட்டி பொதுவா தனியா, மின்னேற்றியை இயக்கும் பொறுப்பு யாருடையது ஆகியவற்றை உரிமையாளரிடம் கேட்பதைவிடப் பக்கத்துக் குடித்தனக்காரரிடம் கேட்பது நல்லது. மொட்டைமாடிக்கு நேர்க்கீழே உள்ள போர்ஷனைப் பகல் மூன்று மணிக்கு ஒருமுறை பார்ப்பது, கோடையில் அங்கு எப்படி இருக்கும் என்பதை உணர்த்தும். மாலையில் மட்டும் வீடு காட்டும் உரிமையாளருக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மின்சாரத்துக்குத் தனி மின்மானி உள்ளதா என்பது அடுத்த கேள்வி. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கு இரு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கெடுக்கப்படுகிறது. பயன்பாடு கூடக்கூட ஓர் அலகின் விலையும் கூடும் படிமுறைக் கட்டணம் இது. 2016-இல் முதல் 100 அலகுகளுக்குக் கட்டணமில்லை என்ற சலுகையும் சேர்ந்தது. இரு குடும்பங்கள் ஒரே இணைப்பில் இருந்தால் இருவருடைய பயன்பாடும் கூட்டப்பட்டு உயர்படியில் விழும், சலுகையும் ஒருமுறை மட்டுமே கிடைக்கும். துணை மின்மானி வைத்து அலகுக்கு இவ்வளவு என உரிமையாளர் வசூலிக்கும் வீடுகளில், அந்த விலையைக் குடிபுகுமுன் கேட்டு எழுதிக்கொள்வது பின்னாளைய மனக்கசப்பைத் தவிர்க்கும்.

மறுப்பு

சிறுநகரங்களில் வீடு கிடைப்பது பணத்தைப் பொறுத்தது மட்டுமன்று. 'குடும்பத்தினருக்கு மட்டும்', 'சைவம் மட்டும்' என்ற பலகைகள் வெளிப்படையானவை. ஊர் எது, எந்தத் தெரு, அப்பா பெயர் என்ன எனத் தொடரும் உசாவல் பெரும்பாலும் சாதியை அறிவதற்கானதே. விடை உவப்பாக இல்லாதபோது 'நேற்றுதான் வேறொருவருக்குச் சொல்லிவிட்டோம்' என்ற மறுமொழி வரும். தலித்துகள், முசுலிம்கள், தனியாக வாழும் பெண்கள், திருமணமாகாத ஆண்கள், திருநங்கைகள் ஆகியோர் இதனை மிகுதியும் எதிர்கொள்கின்றனர். சுகதேவ் தோரட்டும் பிறரும் தில்லித் தலைநகர்ப் பகுதியில் நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வு, வீடு தேடுவோரில் தலித்துகள் மறுக்கப்படுவதையும் முசுலிம்கள் அவர்களைவிடவும் மிகுதியாக மறுக்கப்படுவதையும் காட்டியது.

அரசியலமைப்பின் 15-ஆம் உறுப்பில் உள்ள பொதுவான பாகுபாட்டுத் தடை அரசை நோக்கியது. தனியார் வீட்டு வாடகையில் சாதி, சமய அடிப்படையில் மறுப்பதை வெளிப்படையாகத் தடைசெய்யும் பொதுச்சட்டம் இந்தியாவில் இல்லை. இதன் விளைவு விலையிலும் தெரிகிறது. பத்து வீட்டில் மூன்று மட்டுமே திறக்கும் ஒருவருக்குப் பேரம் பேசும் வலிமை இல்லை. அதே தெருவில், அதே வசதிக்கு, அவர் கூடுதல் வாடகை கொடுத்தோ தாழ்வான பகுதியில் குடியமர்ந்தோ ஈடுசெய்கிறார்.

வாடகை எவ்வாறு முடிவாகிறது

சிறுநகரங்களில் வாடகை சதுர அடிக் கணக்கில் பேசப்படுவதில்லை. அறைகளின் எண்ணிக்கையே அளவுகோல். உரிமையாளர் பொதுவாக முந்தைய குடித்தனக்காரர் கொடுத்த தொகையில் 500 அல்லது 1,000 உரூபாய் கூட்டிக் கேட்பார். கட்டடச் செலவு இக்கணக்கில் அரிதாகவே நுழைகிறது. அதற்குக் காரணம் உண்டு. இந்தியாவில் குடியிருப்பு வாடகையின் ஆண்டு வரவு, சொத்தின் மதிப்பில் பொதுவாக 2 முதல் 3 விழுக்காடு அளவிலேயே அமைகிறது. வங்கி வைப்பு வட்டியைவிட இது குறைவு. வீடு கட்டுபவர் மதிப்பு உயர்வை எதிர்பார்த்தோ மகனுக்கென்றோ கட்டுகிறார். வாடகை அவருக்குத் துணை வருமானமே.

தேடுபவருக்கு மிகவும் பயன்படுவது ஒப்பீட்டு முறை. கேட்கப்படும் வாடகைகளை அன்றி, கடந்த ஓராண்டில் உண்மையில் குடிபுகுந்தவர்கள் கொடுக்கும் வாடகைகளை ஐந்தாறு வீடுகளிலேனும் அறிந்து, வேறுபாடுகளைக் கூட்டிக் கழிக்க வேண்டும். ஒரு கற்பனை எடுத்துக்காட்டு: இரு படுக்கையறை கொண்ட கீழ்த்தளம் 7,500 உரூபாய், அதே அளவுள்ள மாடி 6,500. தளத்தின் விலை 1,000 எனத் தெரிகிறது. வேறொரு மாடி வீட்டில் குடிநீர்க் குழாய் இல்லை. அதன் வாடகை 5,800. ஆகவே குழாயின் விலை 700. இப்போது குழாய் இல்லாத கீழ்த்தள வீடு ஒன்றுக்கு 7,500 கேட்கப்பட்டால், 6,800 என்று பேசுவதற்குக் காரணம் கையில் உள்ளது. பத்தாண்டுகளாக ஒரே வீட்டில் இருப்பவரின் வாடகையை இக்கணக்கில் சேர்க்கக்கூடாது. குடியிருப்பவரை மாற்றும் தொல்லையைத் தவிர்க்க உரிமையாளர்கள் பழையவருக்குக் குறைத்தே உயர்த்துவதால், அது சந்தை நிலையைக் காட்டாது.

உண்மையான வாடகையைக் கேட்டறிவது எளிதன்று. சொத்துவரி, வருமானவரி ஆகியவற்றை எண்ணி உரிமையாளர்கள் தொகையை வெளியிடத் தயங்குவர். வீட்டு வாடகைப்படி பெறும் ஊழியர் பற்றுச்சீட்டுக் கேட்கும்போதும், ஆண்டு வாடகை ஒரு இலட்சத்தைத் தாண்டினால் உரிமையாளரின் நிரந்தரக் கணக்கு எண்ணை நிறுவனம் கேட்கும்போதும் இத்தயக்கம் வெளிப்படுகிறது. பற்றுச்சீட்டு கிடைக்குமா என்பதையும் முன்னரே பேசிக்கொள்வது நன்று.

வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள்

சென்னை மாகாணத்தில் வாடகைக் கட்டுப்பாடு இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் 1941-இல் ஆணையாகத் தொடங்கி, 1946, 1949 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களாக வளர்ந்தது. பின்னர் 1960-ஆம் ஆண்டின் கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம் நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. காலியான வீட்டைப் பற்றி உரிய அலுவலருக்கு அறிவிக்க வேண்டும், அரசு தன் ஊழியருக்காக அதை எடுத்துக்கொள்ளலாம் என்றுகூட அச்சட்டம் கூறியது.

அச்சட்டத்தின்படி குடியிருப்பு வீட்டின் 'நியாய வாடகை', மனையின் சந்தை மதிப்பும் தேய்மானம் போகக் கட்டடச் செலவும் சேர்ந்த தொகையில் ஆண்டுக்கு 9 விழுக்காடு. பிற கட்டடங்களுக்கு 12 விழுக்காடு. எடுத்துக்காட்டாக மனை 10 இலட்சமும் கட்டடம் 15 இலட்சமும் எனக் கொண்டால், 25 இலட்சத்தில் 9 விழுக்காடு 2,25,000. மாதத்துக்கு 18,750 உரூபாய். அத்தகைய வீடு சிறுநகரத்தில் 7,000 உரூபாய்க்குப் போனால் வரவு 3.36 விழுக்காடு மட்டுமே. புது வீட்டைப் பொறுத்தவரை சட்டத்தின் நியாய வாடகை சந்தை வாடகையைவிட உயர்ந்திருந்தது என்பது பலருக்கு வியப்பளிக்கக்கூடும். ஆகவே உரிமையாளர்கள் அஞ்சியது வாடகை வரம்பை அன்று; குடியிருப்பவரை வெளியேற்ற நீதிமன்றத்தில் ஆகும் காலத்தையே. வீடுகள் பூட்டிக் கிடந்ததற்கு இவ்வச்சம் ஒரு காரணம்.

மாத வாடகை 400 உரூபாய்க்கு மேற்பட்ட குடியிருப்புகளுக்கு இச்சட்டத்தின் பாதுகாப்பு இல்லை என்ற விலக்கை, ரத்தன் ஆர்யா வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது.

1960-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2017-இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்கள் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. இதில் நியாய வாடகை என்ற கருத்து இல்லை. இரு தரப்பும் ஒப்புக்கொண்டதே வாடகை. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்பட வேண்டும். பிணக்கின்போதும் உரிமையாளர் தண்ணீரையோ மின்சாரத்தையோ துண்டிக்கக்கூடாது. சிறுநகரங்களில் இன்னும் பல குடித்தனங்கள் வாய்மொழியிலேயே நடைபெறுகின்றன. எழுதுபவர்களும் 11 மாதங்களுக்கே எழுதுகின்றனர். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிவு செய்ய வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் கூறுவதே இவ்வழக்கத்தின் தோற்றுவாய். 11 மாத ஒப்பந்தம் புதிய சட்டத்தின் பதிவுக் கடமையிலிருந்து விலக்களிக்காது.

முன்பணம்

முன்பணம் அல்லது 'அட்வான்ஸ்' என்பது குடிபுகும்போது கொடுத்து, காலி செய்யும்போது வட்டியின்றித் திரும்பப் பெறும் தொகை. 1960-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு மாத வாடகையை மட்டுமே முன்பணமாகப் பெற இடமளித்தது. அச்சட்டம் நடப்பில் இருந்தபோதே சென்னையில் பத்து மாத முன்பணம் வாங்குவது ஊரறிந்த வழக்கமாயிருந்தது. 2017-ஆம் ஆண்டுச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறுவகையாகக் கூறப்படாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது என்கிறது. 2021-இல் நடுவண் அரசு ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டத்தில் குடியிருப்புகளுக்கு இது இரு மாத வாடகையாகும்.

முன்பணமும் வாடகையின் ஒரு பகுதியே. 50,000 உரூபாய் முன்பணத்துக்கு 7 விழுக்காடு வட்டி கணக்கிட்டால் ஆண்டுக்கு 3,500. மாதம் ஏறத்தாழ 290 உரூபாய். இரு வீடுகளை ஒப்பிடும்போது இதையும் சேர்க்க வேண்டும்.

ஒத்தி

ஒரு பெருந்தொகையை வட்டியின்றிக் கொடுத்து, அது திரும்பும் வரை வாடகையின்றிக் குடியிருப்பது ஒத்தி அல்லது போக்கியம் எனப்படும். பேச்சுவழக்கில் 'லீஸ்' என்றும் கூறுவர். இலங்கையில் யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டத்திலும் 'ஒற்றி' என்ற பெயரில் இம்முறை உள்ளது. மாதம் 6,000 உரூபாய் வாடகை பெறும் வீட்டை 5 இலட்சத்துக்கு ஒத்திக்குக் கொடுத்தால், உரிமையாளர் ஆண்டுக்கு 72,000 உரூபாய் வாடகையை இழக்கிறார், அதாவது 14.4 விழுக்காட்டில் கடன் பெற்றுள்ளார். வங்கியில் குறைந்த வட்டிக்குக் கடன் கிடைக்கும் நிலையில் ஒருவர் ஏன் இதற்கு உடன்படுகிறார் என்பது, பணம் கொடுப்பவர் கேட்க வேண்டிய முதற்கேள்வி.

பெரும்பாலான வேளைகளில் விடை எளியது: மகள் திருமணம், மருத்துவச் செலவு, வணிகத் தேவை. சில வேளைகளில் வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருக்கும். அடமானக் கடன் நிலுவையானால் 2002-ஆம் ஆண்டின் சட்டப்படி வங்கி உரிமையியல் வழக்குத் தொடராமலேயே வீட்டைக் கையகப்படுத்தலாம். பின்னர் வந்த ஒத்திக்காரரின் உரிமை வங்கிக்குப் பின்னரே. வீட்டை இழந்து, சேமிப்பு முழுவதையும் உரிமையாளரிடமிருந்து வழக்காடிப் பெற வேண்டிய நிலை அவருக்கு ஏற்படும்.

சட்டத்தின் பார்வையில் இவ்வகை ஒத்தி, 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டம் கூறும் அனுபவ அடமானமாகும். தொகை 100 உரூபாயோ அதற்கு மேலோ இருந்தால் பதிவு செய்யப்பட்ட ஆவணம் தேவை. இன்று எந்த ஒத்தியும் இவ்வரம்பைத் தாண்டும். முத்திரைத்தாளில் எழுதிக் கையொப்பமிட்ட பதிவற்ற தாள், பணம் கைமாறியதற்குச் சான்றாகலாம்; வீட்டின்மீது அடமான உரிமையைத் தராது. பதிவுத்துறையின் இணையத்தளத்தில் வில்லங்கச் சான்றைப் பார்ப்பது இன்றியமையாதது. ஆனால் அதில் பதிவான ஆவணங்கள் மட்டுமே தோன்றும். உரிமையாளரின் மூலப்பத்திரத்தை நேரில் காட்டச் சொல்வதே கூடுதல் காப்பு. நகல் மட்டுமே உள்ளது என்று விடை வந்தால், மூலம் எங்குள்ளது என்று அறியும் வரை பணம் கொடுக்கலாகாது.

காலி செய்தல்

வழக்கப்படி ஒரு மாதமோ இரு மாதங்களோ முன்னறிவிப்புத் தரப்படுகிறது. வெள்ளையடிப்புக்கென ஒரு மாத வாடகையை முன்பணத்தில் கழிப்பது பல ஊர்களில் உள்ளது. இது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தாலன்றி உரிமையாளரின் விருப்பமே. குடிபுகும் நாளில் சுவர்களையும் குழாய்களையும் மின்மானி அளவையும் படமெடுத்து உரிமையாளருக்கு அனுப்பி வைத்தவர்கள் இக்கழிவைக் குறைத்துப் பேச முடிகிறது. 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி, உரிய கழிவுகள் போக முன்பணத்தை வீடு காலியான ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். நடைமுறையிலோ அடுத்த குடித்தனக்காரர் கொடுக்கும் முன்பணத்திலிருந்தே முந்தையவருக்குத் திருப்பப்படுகிறது. இதனால் புது வீட்டு முன்பணத்தைக் கைப்பணத்திலோ கடனிலோ கட்டிவிட்டு, பழையது வரும் வரை காத்திருக்கும் குடும்பங்கள் பல.

குடும்ப அட்டை, எரிவாயு இணைப்பு, வாக்காளர் பட்டியல் ஆகியவற்றின் முகவரியையும் ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டும். இதற்குச் சான்றாக வாடகை ஒப்பந்தம் கேட்கப்படலாம். வீட்டின்மீது உரிமை கோரிவிடுவாரோ என்ற அச்சத்தில் சில உரிமையாளர்கள் தம் முகவரியில் குடும்ப அட்டை எடுக்க ஒப்புவதில்லை. குடியிருப்பவரின் குடும்ப அட்டையால் வீட்டின் உடைமை மாறுவதில்லை. ஆயினும் இம்மறுப்பினால், ஊர் மாறி ஆண்டுகள் கடந்தும் பழைய முகவரியிலேயே அட்டையை வைத்திருப்போர் உள்ளனர்.